தோடம்பழ வட்டத்தில் ஒரு பொட்டு

ஸ்காபரோ
12.01.2025

அன்புள்ள பாலேஸ்வரிக்கு,

முப்பத்தைந்து வருடங்களுக்கு முன் நீர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர். சோபாச் செற்றிக்குப் பின்னால் தொங்கிய பெரிய படத்தைக் காட்டி, "உந்தப் படத்திலை என்னதான் கிடக்கு?" என்றீர். நான் உமது முகத்தைக்கூடப் பார்க்காமல், "ஒண்டுமில்லை. சொன்னாலும் உமக்கு விளங்காது" என்றேன். என் வகுப்பில் ஒரு பிள்ளை அப்படிக் கேட்டிருந்தால் கரும்பலகை நிறைய எழுதியிருப்பேன். உமக்கு இரண்டு வசனம்தான் தந்தேன். இந்தக் கடிதத்தை அந்தக் கேள்விக்குப் பிந்தி வந்த விடைத்தாள் என்று வைத்துக்கொள்ளும்.

ரெலிபோனில் என் நம்பர் விழுந்தால் நீர் எடுக்கமாட்டீர் என்று எனக்குத் தெரியும். அதில் எனக்குக் கோபமில்லை. எழுதினால் கையில் தருவதாக எங்கள் மகள் ஒப்புக்கொண்டிருக்கிறாள். "அப்பா, லெக்சர் அடிக்காமல் எழுதுங்கோ, சரியோ?" என்று மட்டும் சொன்னாள். முயற்சி செய்கிறேன்.

சென்ற நவம்பரில் ஹெலன் என்றொரு பெண் ரெலிபோன் எடுத்தாள். இங்கே நகரின் மேற்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஓவியக்கூடம் நடத்துகிறாள். "லண்டனில் டொறின் ஹஸ்கெற் வீட்டில் குடியிருந்த மிஸ்டர் ராஜ் நீங்கள்தானா?" என்று கேட்டாள். ஓம் என்றேன்.  பிறகு, "அந்தப் பெரிய ஒரேஞ்ச் நிறப் படம் இன்னும் இருக்கிறதா?" என்றாள். என் கட்டிலுக்குத் தலைமாட்டில் இருக்கிறது என்றேன். அவள் அழுதுவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

மிஸ் ஹஸ்கெற்றைப் பற்றி நான் உமக்கு ஒருநாளும் சொன்னதில்லை. 1984 இல் நான் தனியாக லண்டன் போய் இறங்கியபோது மேல் அறையை வாடகைக்குத் தந்தவர் அவர். நான் பெற்றோல் நிலைய வேலை முடிந்து வரும்போது, குசினி மேசையில் உடுப்புத் தோய்க்கும் சவுக்காரத்தூள் பெட்டிகளைக் கத்திரிக்கோலால் வெட்டிக்கொண்டிருப்பார். முதலில் அவருக்குத் தலை சரியில்லை என்று நினைத்தேன்.

விடயம் இதுதான். அறுபதுகளில் லண்டனில் பொப் ஓவியம் என்று ஓர் அலை வந்தது. கடையில் இருக்கிற தகரப் பேணி, சிகரெட் பெட்டி, விளம்பரப் பலகை எல்லாவற்றையும் அப்படியே பெரிதாக வரைந்தார்கள். மிஸ் ஹஸ்கெற்றும் அவர்களோடுதான் தொடங்கினார். ஆனால் அவர் பெட்டியில் இருந்த எழுத்தை எடுத்தார். சிரிக்கிற பெண்ணின் முகத்தை எடுத்தார். விலையை எடுத்தார். மிஞ்சிய நிறத்தையும் வடிவத்தையும் மட்டும் கதவளவு கன்வஸில் தீட்டினார். பொப் ஓவியர்கள், "உன் படத்தில் பொருளே இல்லையே" என்றார்களாம். அரூப ஓவியர்கள், "உன் படத்தில் சவுக்காரம் மணக்கிறது" என்றார்களாம். ஒரு உதாரணம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளும். சின்ன வயதில் எங்கள் பேத்தி அட்சயாவைச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் இங்கிலீசுப் பிள்ளை என்பார்கள். அவளுடைய பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிள்ளை என்பார்கள். இரண்டு இடத்திலும் பெயர் கூப்பிடும்போது கடைசியில்தான் வரும். மிஸ் ஹஸ்கெற்றின் பெயரைக் கடைசிவரை கூப்பிடவே இல்லை. 1996 இல் இறந்துபோனார்.

ஆகவே, அந்த நீலத்துக்கு நடுவில் இருக்கும் தோடம்பழ வட்டம் ஒரு சவுக்காரத்தூள் பெட்டியின் நெற்றி. நான் கனடாவுக்கு வெளிக்கிட்ட அன்று, "மூன்று வருடம் இதைப் பார்த்துக்கொண்டு படுத்தாய், கொண்டு போ" என்று சுருட்டித் தந்தார். யாருக்கு எந்தப் படம் கொடுத்தார் என்று கொப்பியில் எழுதி வைத்திருந்திருக்கிறார். அதைப் பிடித்துக்கொண்டுதான் ஹெலன் என்னிடம் வந்தாள். ஏப்ரலில் அவருடைய பதினான்கு படங்களை ஒன்றாக வைத்துக் கண்காட்சி. எந்த நகரத்திலும் இதுதான் முதல் தடவை.

இனித்தான் நான் எழுத வந்த காரணம். படத்தைத் துப்புரவாக்கத் துர்க்கா என்று ஒரு பிள்ளை வந்தாள், எங்கள் ஆட்கள்தான், இங்கே பிறந்தவள். வட்டத்துக்குள் இருக்கும் சிவப்புப் புள்ளியைப் பூதக்கண்ணாடியால் பார்த்தாள். நிமிர்ந்து, ஹெலனுக்குக் கேட்காமல் மெல்லிய குரலில், "அங்கிள், பிழையா நினைக்காதேங்கோ. இது குங்குமம்தானே? எங்கட அம்மா புதுக் காருக்கு வைச்ச மாதிரிக் கிடக்கு" என்றாள்.

அது நீர் வைத்த பொட்டு. அழிப்பதா விடுவதா என்று கேட்டார்கள். வைத்தவரைக் கேட்டுத்தான் சொல்லலாம் என்றேன்.

இன்னுமொன்றையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். அந்தப் படத்தின் முன்னால் நீரும் நானும் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் நிற்கவேண்டும் என்பது என் ஆசை. பேத்தி பிறந்த நேரம் மகளுக்கு உதவிக்கென்று அஜக்ஸுக்குப் போனீர். திரும்பி வரவில்லை. பிரிந்துவிட்டோம் என்று நாம் ஒருவருக்கும் சொல்லவுமில்லை. அந்தக் குழந்தை இப்போது பல்கலைக்கழகம் போகிறாள். எனக்கு எழுபத்தெட்டு முடிந்துவிட்டது.

பதிலை உமது வசதிப்படி எழுதும்.

அன்புடன்,
இராஜரட்ணம்


அஜக்ஸ்
26.01.2025

திரு. இராஜரட்ணம் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். எனக்கு முழங்கால்தான். பனியென்றால் இரண்டு நாளுக்கு முன்பே சொல்லிவிடும், ரேடியோ தேவையில்லை.

பிரதீபா கடிதத்தை மேசையில் வைத்து, "வாசிக்காட்டியும் பரவாயில்லை அம்மா" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். மூன்று நாள் வாசிக்கவில்லை. நாலாம் நாள் பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு நின்றபடியே வாசித்தேன். பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

நீங்கள் கணக்கு வாத்தியார். நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டு விடை எழுதினால் பிள்ளைகளுக்குப் புள்ளி குறைப்பீர்கள். உங்கள் கடிதத்திலும் ஒரு வரி இல்லை. அதை நான் எழுதுகிறேன்.

நானும் பிள்ளைகளும் ஊரில் இருந்து வந்த வருடம், பேஸ்மென்ற் வீட்டில், சரஸ்வதி பூசை. உங்கள் சிநேகிதர்கள் ஸ்ரீதரன் மாஸ்ரரும் அகஸ்ரின் மாஸ்ரரும் வந்திருந்தார்கள். நீங்கள் படத்தில் பொட்டைக் கண்டீர்கள். "குசினிக்கு வெளியிலை இருக்கிற ஒண்டிலையும் நீ கை வைக்காதை. உதெல்லாம் படிச்ச ஆக்களின்ரை சாமான்." இதுதான் நீங்கள் சொன்னது. கலியாணம் கட்டிய நாளிலிருந்து என்னை "நீர்" என்று பேசி வந்தீர்கள். அன்றைக்குத்தான் முதல் தடவை "நீ." அதுவும் அவர்களுக்கு முன்னால்.

அன்று விடிய ஆறு மணிக்குப் பக்ரரிக்குப் போய், எட்டு மணித்தியாலம் நின்று வேலை செய்து, வந்து அவல் குழைத்துக் கடலை அவித்து வைத்தேன். சொல்லிக் காட்டுவதற்காக எழுதவில்லை. வரி விடுபட்டிருந்தது.

பொட்டைப் பற்றி எனக்கு இப்போது ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. கண்காட்சிக்கு நான் வருவேன் என்று ஒருவருக்கும் சொல்லி வைக்கவேண்டாம்.

பாலேஸ்வரி


ஸ்காபரோ
02.02.2025

அன்புள்ள பாலேஸ்வரிக்கு,

நீர் எழுதிய வரி சரி. ஒரு சொல்லும் கூடவில்லை, குறையவுமில்லை. நான் அதை மறக்கவில்லை, எழுதாமல் விட்டேன். வகுப்பில் சில பிள்ளைகள் கணக்குப் பிழைத்த இடத்தை ரப்பரால் தேய்த்துவிட்டு விடையை மட்டும் காட்டுவார்கள். தாளைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் தேய்த்த இடம் தெரியும். நீர் பிடித்துப் பார்த்துவிட்டீர்.

உமக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. அன்று அவர்கள் இருவரும் அவசரமாக எழும்பிப் போனார்கள் அல்லவா? படியில் வைத்து அகஸ்ரின் என் கையைப் பிடித்து, "மச்சான், உள்ளுக்குப் போய் அந்தப் பிள்ளையிட்டை ஒரு சொல்லுச் சொல்லு. இப்பவே போ" என்றான். நான் உள்ளே வந்தேன். நீர் கோப்பை கழுவிக்கொண்டு நின்றீர். நான் அவலைச் சாப்பிட்டுவிட்டு ரீவியைப் போட்டேன்.

பாலேஸ்வரி, என்னை மன்னியும். இதற்கு என்னிடம் உதாரணம் ஒன்றுமில்லை.

உம்மைச் சிரிக்க வைக்கக்கூடிய ஒரு செய்தி. துர்க்கா உண்மையைச் சொல்வதற்கு முன், கண்காட்சிப் புத்தகத்துக்கு ஹெலன் உமது பொட்டைப் பற்றி இரண்டு பந்தி எழுதி முடித்துவிட்டாள். வாசித்துக் காட்டினாள். "வட்டத்தின் மையத்தைத் துணிச்சலோடு தவிர்த்து, இடப்பக்கம் கீழே ஓவியர் வைத்திருக்கும் அந்தச் சிறு செம்புள்ளி, படத்தின் முழுப் பாரத்தையும் தனியே தாங்கி நிற்கிறது" என்று ஒரு வசனம். நான் இருமிச் சமாளித்தேன்.

விடயம் தெரிந்த பிறகு ஹெலனுக்கு இன்னும் சந்தோசம். அதை அப்படியே விடவேண்டும் என்கிறாள். பத்திரிகைக்காரர் வருவார்களாம். எனக்கும் ஒரு யோசனை வந்தது. படத்துக்குப் பக்கத்தில் ஒட்டும் சிறிய லேபலில் "பொட்டு: பாலேஸ்வரி இராஜரட்ணம், 1989" என்று போடலாம். அன்று இருவர் முன்னால் உம்மைக் குறைத்துப் பேசினேன். ஊர் முழுக்கப் பார்க்க உமது பெயரை எழுதினால் அது ஓரளவுக்காவது சரியாகும் என்று நினைக்கிறேன். உமது சம்மதம் இல்லாமல் ஹெலனுக்குச் சொல்லமாட்டேன்.

அன்புடன்,
இராஜரட்ணம்


அஜக்ஸ்
16.02.2025

பிரதீபாவின் அப்பாவுக்கு,

அந்த வசனத்தை அட்சயாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் சோபாவில் இருந்து உருண்டே விட்டாள். "அம்மம்மா, நீங்கள் ஒரு பொப் ஆர்ட்டிஸ்ற்!" என்று கத்தினாள். பிரதீபா மேலேயிருந்து ஓடி வந்தாள், நான் விழுந்துவிட்டேன் என்று நினைத்து.

மையத்தைத் துணிச்சலோடு தவிர்க்கவில்லை. செற்றி நடுவில் நின்றது. இடது கையில் சந்தனக் கிண்ணம். செற்றியில் முழங்காலை ஊன்றி எட்டினேன், கை அவ்வளவுக்குத்தான் போனது. படத்தின் பாரத்தைத் தாங்கியது என்னுடைய முழங்கால். அதுதான் இப்போது வலிக்கிறதோ தெரியாது.

ஏன் வைத்தேன் என்று நீங்கள் அன்றும் கேட்கவில்லை, இந்த இரண்டு கடிதத்திலும் கேட்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். அந்த வருடம் உங்களுக்கு இங்கே படிப்பிக்க அனுமதி கிடைக்கவில்லை. ஊரில் இருந்து நான் கொண்டுவந்த உங்கள் புத்தகங்களை நீங்கள் பெட்டியை விட்டு எடுக்கவே இல்லை. பின்னேரம் முழுக்க அந்தப் படத்தைப் பார்த்தபடி இருந்தீர்கள். பூசைக்குப் புத்தகங்களை எடுத்து அடுக்கிப் பொட்டு வைத்தேன். பேனைக்கு வைத்தேன். பிள்ளைகளின் கொப்பிக்கு வைத்தேன். பிறகு யோசித்தேன், இந்த மனுசன் இப்போது படிக்கிறது இதைத்தானே என்று. அதற்கும் வைத்தேன்.

இனி உங்கள் கேள்வி. அழித்துவிடச் சொல்லுங்கள்.

லேபலை நல்ல மனத்தோடுதான் யோசித்தீர்கள், தெரியும். ஆனால் அன்று இரண்டு பேருக்கு முன்னால் என் பொட்டைக் காட்டினீர்கள், இப்போது இருநூறு பேருக்கு முன்னால் காட்டப் பார்க்கிறீர்கள். சனம் அதைப் பார்த்துச் சிரிக்கும், அல்லது பாவம் என்று சொல்லும். இரண்டும் எனக்கு வேண்டாம். நான் கும்பிட்டு வைத்தது. பார்வைக்கு வைக்கவில்லை.

இன்னொன்று. நான் பதினாலு வருடம் பக்ரரியில் என்ன வேலை செய்தேன் என்று உங்களுக்குத் தெரியுமோ? "பக்கிங்" என்று எல்லோருக்கும் சொல்வீர்கள். பெட்டி கட்டுகிற பக்கிங் முதல் ஆறு மாதம்தான். பிறகு லைனின் கடைசியில் நின்று பெட்டிகளைப் பார்ப்பது. லேபல் கோணலாக ஒட்டியிருந்தால், நிறம் பிசகியிருந்தால், எடுத்துத் தள்ளி வைக்கவேண்டும். மினிற்றுக்கு நாற்பது பெட்டி. அந்த மனுசி எழுத்து, முகம், விலை எல்லாவற்றையும் பாடுபட்டு எடுத்து, நிறத்தை மட்டும் விட்டிருக்கிறார். அதிலே நான் ஒன்றைக் கொண்டுபோய் வைத்துவிட்டேன். என் லைனில் அப்படி ஒரு பெட்டி வந்திருந்தால் தள்ளித்தான் வைத்திருப்பேன்.

பாலேஸ்வரி


ஸ்காபரோ
09.03.2025

அன்புள்ள பாலேஸ்வரிக்கு,

பொட்டு அழிந்துவிட்டது.

ஹெலன் சுலபத்தில் விடவில்லை. "உங்கள் மனைவியின் கதை எவ்வளவு அழகு! அதுவும் சேர்ந்ததுதானே இப்போது இந்தப் படம்?" என்று இரண்டு நாள் வாதாடினாள். ஒவ்வொரு தடவையும் எனக்கு வாய் வந்தது. நான் வாதாடக்கூடியவன் என்று உமக்குத் தெரியும். எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, "அவரைக் கேட்டேன், அழிக்கச் சொன்னார்" என்றேன். மூன்றாம் நாள் அவள் தன் இரண்டு பந்தியையும் குறுக்கே கோடு போட்டு வெட்டினாள். பாவம், நல்ல பந்திகள்.

துர்க்கா பஞ்சுக் குச்சியால் மூன்று நாள் இருந்து எடுத்தாள். நான் பக்கத்தில் ஒரு ஸ்ரூலில் இருந்தேன். குச்சிகள் முதலில் சிவப்பாகவும் பிறகு மஞ்சளாகவும் வந்தன. "அன்ரி சந்தனம் நல்லாக் குழைச்சிருக்கிறா அங்கிள், லேசிலை விடுதில்லை" என்றாள். முதல் குச்சியை எறியப் போனவளைத் தடுக்க நினைத்தேன், தடுக்கவில்லை. அவள் வேலையை அவள் செய்யட்டும்.

உமது கடிதத்தில் நான் திரும்பத் திரும்ப வாசித்தது பக்ரரிப் பந்தியைத்தான். பதினான்கு வருடம். தினமும் பின்னேரம் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு, "இண்டைக்குக் கால் கடுத்துப் போச்சு" என்பீர். நான் "ம்" என்பேன். என் மாணவர்கள் ஆயிரம் பேருக்கு வரவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டிருக்கிறேன். பத்தாம் வகுப்பில் யாருடைய தகப்பன் எங்கே என்ன வேலை செய்கிறார் என்றுகூடத் தெரிந்து வைத்திருந்தேன். நீர் நிறம் பார்க்கிற வேலை செய்தீர் என்பதை இந்த வயதில், உமது கையெழுத்தில் வாசித்துத்தான் அறிகிறேன்.

ஏன் வைத்தீர் என்று நான் கேட்டிருக்க வேண்டும். அதைக் கேட்காமல் விட்டது, அன்று சொன்ன சொல்லைவிடப் பெரிய பிழை என்று இப்போது படுகிறது.

ஏப்ரல் பன்னிரண்டாம் திகதி, சனிக்கிழமை, மூன்று மணிக்குத் திறப்பு. அழைப்பிதழ் இரண்டு வைத்திருக்கிறேன். நீர் வருவீர் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை.

அன்புடன்,
இராஜரட்ணம்


ஸ்காபரோ
14.04.2025

அன்புள்ள பாலேஸ்வரிக்கு,

புதுவருட வாழ்த்துக்கள். பிரதீபாவிடம் பால்பொங்கலும் வடையும் கொடுத்து விட்டீர், கிடைத்தது. வடையில் சோம்பு கூட. நல்லாவே கூட.

திறப்புவிழா நல்லபடி நடந்தது. எண்பது பேரளவில் வந்தார்கள். இங்கிலாந்தில் இருந்து மிஸ் ஹஸ்கெற்றின் மருமகள் வந்திருந்தார். "அன்ரியின் வீட்டில் எல்லாப் படமும் முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டுதான் நின்றன" என்றார். என்னைப் பேசச் சொன்னார்கள். அந்தக் குசினி மேசையையும் கத்திரிக்கோலையும் பற்றி ஐந்து நிமிடம் பேசினேன். பொட்டைப் பற்றிப் பேசவில்லை. துர்க்கா மட்டும் வந்து, "அன்ரி வரேல்லையோ?" என்று காதுக்குள் கேட்டாள். "அவ தனக்கு விருப்பமெண்டால் வருவா பிள்ளை" என்றேன்.

எனக்கு இதில் குறையில்லை. ஆசையைச் சொன்னேன், சொன்னதே போதும். கண்காட்சி யூன் முடிவு வரை இருக்கும். இனி இதைப் பற்றி எழுதி உம்மைக் கரைச்சல்படுத்தமாட்டேன்.

முழங்காலைக் கவனியும்.

அன்புடன்,
இராஜரட்ணம்


அஜக்ஸ்
24.04.2025

இஞ்சாருங்கோ,

நேற்றுப் போனேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. பிரதீபா வேலைக்குப் போனதும் கோ ட்ரெயினில் ஏறி யூனியன் ஸ்ரேசனில் இறங்கி, பிறகு தெருத் தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்ரீற்காரில். ஒருவரையும் வழி கேட்கவில்லை. ஓவியக்கூடத்தில் என்னோடு சேர்த்து மூன்று பேர்தான். காவலுக்கு நின்ற பொடியன் கதிரை கொண்டுவந்து தந்தான், நான் கேட்காமலே.

பொட்டைத் தேடினேன். இல்லை. சுத்தமாகத்தான் எடுத்திருக்கிறாள். இருந்த இடம் எனக்குத் தெரிந்தபடியால் அங்கே கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு மற்ற இடங்களைப் பார்த்தேன். பேஸ்மென்றில் பதினாலு வருடம் அதைத் தூசு தட்டியிருக்கிறேன், ஒருநாளும் இருந்து பார்க்கவில்லை. எனக்கு எங்கே நேரம்?

நான் கண்டதைச் சொல்கிறேன். வட்டத்தின் வலது ஓரத்தில், நீலத்துக்கும் தோடம்பழ நிறத்துக்கும் நடுவில், ஒரு வெள்ளைக் கோடு ஓடுகிறது. நூலளவு. மேலேயிருந்து கீழே வரைக்கும், பிறை மாதிரி. இடப்பக்கம் பார்த்தால் அதே அளவுக்குத் தோடம்பழ நிறம் நீலத்துக்கு மேல் ஏறி, அந்த இடம் மண்ணிறமாக இருக்கிறது. நீங்கள் அதைப் பெயின்ற் காணாமல் விட்ட இடம் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. அது மெசின் பிழை. லேபல் அச்சடிக்கும்போது ஒவ்வொரு நிறமும் தனித்தனியாக விழும். ஒரு நிறம் மயிரளவு வலப்பக்கமோ இடப்பக்கமோ தள்ளி விழுந்தால், ஒரு கரையில் வெள்ளை தெரியும், மற்றக் கரையில் இரண்டு நிறமும் ஒன்றுக்கு மேல் ஒன்று ஏறும். எங்கள் லைனில் அதை "லேபல் மாறி நடக்குது" என்போம். ஒரு நாளைக்கு இருநூறு பெட்டி அப்படித் தள்ளி வைத்திருக்கிறேன்.

அந்த மனுசி அந்தப் பிழையைக் கையால் வரைந்திருக்கிறார். எழுத்தை எடுத்தவர், முகத்தை எடுத்தவர், விலையை எடுத்தவர், பிழையை மட்டும் எடுக்கவில்லை. வடிவாக, மெதுவாக, சின்னத் தூரிகையால் விட்டு வைத்திருக்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏனென்று தெரியவில்லை. நான் தள்ளி வைத்த பெட்டியெல்லாம் எங்கே போனது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அந்தப் பொடியனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஓ, நைஸ்" என்றான். அவனுக்கு விளங்கவில்லை. உங்களுக்குச் சொன்னால் விளங்கும் என்று தோன்றியது. ட்ரெயினில் வரும் வழியெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

மே ஏழாம் திகதி, புதன், பதினொரு மணிக்குத் திரும்பவும் போகிறேன். புதனில் சனமில்லை. நீங்களும் வரலாம். ஆனால் பக்கத்தில் நின்று எனக்கு ஒன்றையும் விளங்கப்படுத்தக் கூடாது. அன்றைக்கு நான் காட்டுவேன், நீங்கள் பார்க்கவேண்டும்.

வீட்டுக்கு வருவது, போவது பற்றியெல்லாம் இப்போது கேட்கவேண்டாம். புதன்கிழமை மட்டும்.

பாலேஸ்


ஸ்காபரோ
28.04.2025

அன்புள்ள பாலேஸ்,

உமது கடிதத்தின் முதல் சொல்லிலேயே நின்றுவிட்டேன். இருபத்திரண்டு வருடமாக என்னை அப்படி ஒருவரும் கூப்பிடவில்லை. கூப்பிட உரிமையுள்ள வேறொருவரும் இல்லையே. இலக்கண வாத்தியாரிடம் கேட்டால் அது "இங்கே பாருங்கோ" என்பது குறுகி வந்தது என்பார். நீர் கூப்பிட்ட காலமெல்லாம் நான் அதைப் பெயர் என்று நினைத்து "ஓம்" என்றேனே தவிர, திரும்பிப் பார்த்த நாட்கள் குறைவு.

வெள்ளைக் கோட்டை எனக்கு நாற்பது வருடமாகத் தெரியும். நீர் சொன்னதுபோல, பெயின்ற் காணவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். மண்ணிற ஓரத்தைக் கண்டதே இல்லை. மூன்று வருடம் அவருடைய வீட்டில் இருந்தவன் நான். ஹெலன் ஒரு புத்தகமே எழுதியவள். எங்கள் இருவருக்கும் தெரியாமல் போனது, ஒரு பின்னேரம் கதிரையில் இருந்து பார்த்த உமக்குத் தெரிந்திருக்கிறது.

ஹெலனுக்கு உடனே ரெலிபோன் எடுக்கவேண்டும் என்று கை துடித்தது. எடுக்கவில்லை. அது நீர் கண்டது. சொல்வதென்றால் நீர் சொல்லும், சொல்லாமல் விட்டாலும் சரி.

ஏழாம் திகதி வருகிறேன். பத்தே முக்காலுக்கே வந்து வெளியில் நிற்பேன். வாய் திறக்கமாட்டேன் என்று இங்கேயே எழுதித் தருகிறேன். கேட்கவேண்டாம் என்ற ஒன்றையும் கேட்கமாட்டேன். புதன்கிழமை எனக்குப் போதும்.

அன்புடன்,
இராஜரட்ணம்

பி.கு.: அங்கே விளங்கப்படுத்தக் கூடாது என்றபடியால், மிஸ் ஹஸ்கெற் ஒருநாள் என்னைச் செய்யச் சொன்ன ஒன்றை மட்டும் இதிலே எழுதி விடுகிறேன். கடைசியில் என்ன நிறம் கண்ணுக்குத் தெரியும் என்று சொல்லமாட்டேன், தெரிந்ததை நீர்தான் எனக்குச் சொல்லவேண்டும். வட்டத்தின் நடுவை, முப்பது எண்ணும் வரைக்கும் கண்ணை இமைக்காமல் பாரும். பிறகு பக்கத்தில் இருக்கும் வெறும் வெள்ளைச் சுவரைப் பாரும்.